சேர்வதற்கு முன் ஓடிப் பார்த்தல்: சென்னையின் கட்டணமில்லா ஓட்டக் குழுக்களும் காக்களூர்த் தொழிலாளரும்

விடியற்காலையில் ஒரு குறித்த இடத்தில் கூடி, சந்தாவோ நுழைவுக் கட்டணமோ இன்றிச் சேர்ந்து ஓடிவிட்டுக் கலைந்துபோகும் கூட்டத்துக்கு ஓட்டக் குழு என்று பெயர். ஓடுபவர்கள் தமக்குள் ரன்னிங் குரூப் என்றோ ரன்னிங் கிளப் என்றோ சொல்லிக்கொள்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாடகையும் மின்கட்டணமும் கருவிகளின் தேய்மானமும் உண்டு என்பதால் அங்கே மாதக் கட்டணம் தவிர்க்க முடியாதது; ஓட்டக் குழுவுக்கோ சாலை பொதுச் சொத்து, வழிநடத்துபவர் தன்னார்வலர், செய்தி பரப்புவது வாட்ஸ்அப் என்றிருப்பதால் பணம் வாங்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் ஒருவர் இப்படியொரு குழுவைத் தேடிச் சென்னைக்குப் போக நினைத்தால், அதற்கான விலையைத் தூக்கத்திலும் பயண நேரத்திலும் கொடுக்க நேரும். ஆகவே எந்தக் குழு புகழ்பெற்றது என்று விசாரிப்பதைவிட, எந்தக் குழு அந்த விலைக்குத் தகும் என்று சில வாரங்கள் ஓடிப் பார்த்துத் தெரிந்துகொள்வதே அவருக்குப் பொருத்தமான வழி.

சென்னையில் என்னென்ன உண்டு

சென்னைக் குழுக்களில் பலரும் அறிந்தது 2006இல் தொடங்கப்பட்ட சென்னை ரன்னர்ஸ். மாநகரின் பல பகுதிகளிலும் அதற்குக் கிளைகள் உள்ளன. சாப்டர் எனப்படும் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலேயே கூடி, வார நாட்களில் குறைந்த தூரமும் வார இறுதியில் நீண்ட தூரமும் ஓடுகிறது. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தையொட்டி நடக்கும் சென்னை மாரத்தான் பந்தயத்தின் பின்னாலும் இந்த அமைப்பே இருக்கிறது. புதிதாக வருபவர் இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: குழுவுடன் ஓடுவது வேறு, பந்தயத்துக்குப் பதிவு செய்வது வேறு. 42.195 கிலோமீட்டர் கொண்ட முழு மாரத்தானுக்கும், அதில் பாதியான 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கும், 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் பந்தய நாளில் தனித்தனிக் கட்டணம் உண்டு. குழுவுடன் ஓடும் எவரும் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டே ஆகவேண்டும் என்பதில்லை.

பெல்ஜியத்திலிருந்து வந்து சென்னையில் வாழ்ந்த பீட்டர் வான் கைட் என்பவர் 2008இல் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப் மலையேற்றத்துக்குப் பெயர்பெற்றதாயினும், ஓட்டம், நீச்சல், மிதிவண்டி ஆகியவற்றையும் தன்னார்வலர்களைக் கொண்டே நடத்திவந்தது. 2015 வெள்ளத்தின்போது அதன் உறுப்பினர்கள் நிவாரணப் பணியில் இறங்கியதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். இவை தவிர, காலணி நிறுவனங்களும் விளையாட்டுப் பொருள் கடைகளும் நடத்தும் குழுக்கள் ஒரு தனி வகை. அங்கேயும் பணம் கேட்பதில்லை, பயிற்சியாளரும் சில நேரங்களில் நன்றாகவே அமைந்துவிடுகிறார். ஆனால் ஓட்டம் முடிந்ததும் புதிய ஷூவை அணிந்து பார்க்கும்படி அழைப்பு வரும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

உலக அளவில் கட்டணமில்லா ஓட்டத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது பார்க்ரன். 2004 அக்டோபர் 2ஆம் நாள், லண்டனின் புஷி பார்க் பூங்காவில் பால் சிண்டன்-ஹிவிட் என்பவர் 13 ஓட்டக்காரர்களுடன் தொடங்கிய இந்த 5 கிலோமீட்டர் ஓட்டம், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் காலையில் நடக்கிறது. இந்தியாவில் அது வேர்விடவில்லை என்றாலும், 2014 முதல் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் பின்னர் மலேசியாவிலும் நடந்துவருவதால், அந்நாடுகளில் வேலைக்குச் சென்றிருக்கும் தமிழர்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஒருமுறை பெயரைப் பதிவு செய்து தனக்கென ஒரு பார்கோடு பெற்றுக்கொண்டால், எந்த ஊர்ப் பூங்காவிலும் இலவசமாக ஓடி நேரத்தைப் பதிந்துகொள்ளலாம். தொடக்க நாட்களில் எல்லைக்கோட்டைக் கடந்தவர்களின் வரிசையைக் குறிக்க, இரும்புக் கடையில் வாங்கி எண் பொறித்த வாஷர்களையே கையில் கொடுத்தார்கள் என்பது, லேத்துப் பட்டறையும் பிரஸ் ஷாப்பும் நிறைந்த காக்களூர் வாசகருக்குச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கக்கூடிய செய்தி.

பார்க்ரன் நடைமுறையில் பின்பற்றத்தக்க அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு தன்னார்வலர், டெயில் வாக்கர் என்ற பெயரில், எல்லாருக்கும் பின்னால் நடந்தே வருகிறார். அவரே கடைசி ஆள் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், கலந்துகொண்ட வேறெவரும் கடைசியாக வந்தவர் ஆவதில்லை. சென்னையிலோ வேறெங்கோ ஒரு குழுவை எடைபோட விரும்புபவர், அதன் முன்வரிசை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதைவிட, பின்வரிசையில் வருபவருக்காக யார் நிற்கிறார் என்று பார்ப்பது பயன்தரும்.

மைதானத்தில் ஏற்கனவே ஓடுபவர்கள்

கூட்டமாக ஓடுவதைத் திருவள்ளூருக்கு ரன்னிங் கிளப்புகள் கொண்டுவரவில்லை. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் விளையாட்டு மைதானத்துக்கு விடியற்காலையில் போனால், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள் வட்டமாக ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம்; முந்தைய ஆண்டு தேர்வான ஓர் அண்ணன் விசிலும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு, காசு வாங்காமல் தம்பிகளை விரட்டிக்கொண்டிருப்பார். ஷூ இல்லாமல் வெறுங்காலோடு ஓடுபவர்கூட அங்கே விலக்கப்படுவதில்லை. இலவசம், திறந்த கதவு என்ற இரண்டு வகையிலும் இவையே தமிழ்நாட்டின் அசல் ஓட்டக் குழுக்கள். பெயர்ப்பலகையும் ஒரே நிற டி-ஷர்ட்டும் இல்லாத காரணத்தால் யாரும் அவற்றை அப்படிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனினும், நாற்பது வயதில் மருத்துவர் சொன்னதற்காக ஓடத் தொடங்கும் ஒருவர் நேராக அங்கே போய்ச் சேர்ந்துகொள்வது நல்லதல்ல. காவலர் உடற்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். முதலில் சொன்னதைக் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று மாற்றினால் 4 நிமிடம் 40 வினாடி வருகிறது. இவ்வாறு ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நேரத்தையே ஓட்டக்காரர்கள் பேஸ் என்கிறார்கள். எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். புதியவருக்கு ஏற்ற பேஸ் 8 நிமிடமோ 9 நிமிடமோ இருக்கலாம். அதாவது 5 கிலோமீட்டருக்கு 40 முதல் 45 நிமிடம். இருபது வயது இளைஞனின் தேர்வு வேகத்தை ஒட்டி ஓட முயல்பவருக்கு இரண்டாம் வாரத்திலேயே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கிவிடும். மைதானத்துக்குப் போகலாம், அதே நேரத்தில் ஓடலாம், ஆனால் அவர்களுடைய விசிலுக்கு ஓடக் கூடாது.

பயணக் கணக்கு

திருவள்ளூர் நிலையத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர்; தற்செயலாக ஒரு மாரத்தான் தூரம். எல்லா நிலையங்களிலும் நிற்கும் மின்சார ரயிலில் இதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மெரினா கடற்கரையில் காலை ஐந்தரை மணிக்குக் கூடும் குழு ஒன்றில் ஓட விரும்பும் காக்களூர்வாசி, வீட்டிலிருந்து புட்லூர் நிலையத்துக்கோ திருவள்ளூர் நிலையத்துக்கோ வந்து, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கம் சேர வேண்டும் என்றால், மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், அந்த விடியற்காலை இணைப்புகள் கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. திரும்பி வந்து குளிக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஏழு மணி நேரம் செலவாகும் இந்த ஏற்பாடு, மாதத்துக்கு ஒருமுறை, கடற்காற்றுக்காகவும் பெருங்கூட்டத்தோடு ஓடும் உற்சாகத்துக்காகவும் செய்யத்தக்கதே தவிர, வாராவாரம் தாங்காது.

ஆகவே ரயில் பாதையை அடிப்படையாக வைத்துத் தேடுவது அறிவுடைமை. மேற்குப் பாதையில் திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று வரிசையாக வரும் ஊர்களில் எங்கே குழு இருக்கிறது, அது நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கூடுகிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். மாநகரக் குழுக்களில் அண்ணா நகர் டவர் பூங்காவை ஒட்டிய பகுதி இப்பாதைக்குப் பக்கமானது; வில்லிவாக்கத்தில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடலாம். மாதாந்திர சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்குப் பயணச் செலவும் தனியாக வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் வேலை செய்பவருக்கு வடக்குப் பாதை. அங்கிருந்து சென்ட்ரல் 47 கிலோமீட்டர் என்பதைத் தவிரக் கணக்கு ஏறக்குறைய இதேதான், திருவொற்றியூர்ப் பக்கம் தேடுவது அவருக்கு எளிது.

ஷிப்டைப் பொறுத்து இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது. காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டுக்குக் கார்டு போடுபவருக்கு விடியற்காலைக் குழு எதுவும் ஒத்துவராது. அவர் மாலை நேரக் குழுவைத் தேடலாம் அல்லது வார விடுமுறை நாளை மட்டும் நம்பலாம். இரவு ஷிப்டு முடித்து ஆறு மணிக்கு வெளியே வருபவர் அப்படியே ஓடப் போகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்த காலும் தூங்காத மூளையும் லாரி வரும் சாலையில் ஓடுவதற்கு ஏற்றவையல்ல. தூங்கி எழுந்து மாலை ஓடுவதே சரி. ஷிப்டு வாராவாரம் மாறும் தொழிற்சாலைகளில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே தன்னால் வர முடியும் என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நல்ல குழு இதைப் பொருட்படுத்தாது, வருகைப் பதிவேடு வைத்துக் கேள்வி கேட்கும் குழு இவருக்கு உரியதல்ல.

முதல் நாளும் அதற்குப் பின்னும்

குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுவது நல்லது. ஓட்டக்காரர்கள் மற்ற எதில் தாமதித்தாலும் புறப்படும் நேரத்தில் தாமதிப்பதில்லை. போனதும் வழிநடத்துபவரைக் கண்டுபிடித்து, தான் புதியவர், இத்தனை தூரம்தான் ஓட முடியும், இன்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இன்றைய தூரம் எவ்வளவு, நடுவில் திரும்பிவர வழி உண்டா, கடைசியில் வருபவருடன் யார் வருவார். மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் குழுவில், அன்று வழி தெரிந்த தூரம் வரை மட்டும் ஓடிவிட்டுத் திரும்பிவிடுவது உத்தமம்.

ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ஒரு குழுவை ஏற்கவோ தள்ளவோ கூடாது, ஏனெனில் நாளுக்கு நாள் பயிற்சியின் தன்மை மாறும். பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவான ஓட்டம் ஈசி ரன். வாரத்தின் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். குறுகிய தூரத்தை வேகமாக ஓடி, இடையில் மூச்சு வாங்க நடந்து, மீண்டும் வேகமாக ஓடுவது இன்டர்வெல். வார இறுதியில் வழக்கத்தைவிட அதிகத் தூரத்தை நிதானமாக ஓடுவது லாங் ரன். இன்டர்வெல் நாளில் முதன்முதலாகப் போய் மிரண்டுபோனவர்கள் உண்டு. லாங் ரன் நாளில் போய், முடிந்தபின் கிடைத்த இட்லி, வடை, காபியில் மயங்கி, வார நாட்களில் அந்தக் குழு என்ன செய்கிறது என்றே கேட்காமல் சேர்ந்தவர்களும் உண்டு. மூன்று வகை நாளிலும் ஒவ்வொரு முறையாவது ஓடிப் பார்த்தபின்பே முடிவுக்கு வர வேண்டும். அதற்கிடையில் இரண்டு மூன்று குழுக்களில் மாறி மாறி ஓடுவதில் எந்தத் துரோகமும் இல்லை. கட்டணம் வாங்காத குழுவுக்கு ஒருவரைக் கட்டிப்போடும் உரிமையும் இல்லை.

முழுவதும் ஓட முடியாதவர் இடையிடையே நடந்து ஓடுவதைச் சிறுமையாகக் கருத வேண்டியதில்லை. 1972 மூனிச் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலவே, 1974 முதல் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பரப்பிய முறையே இது: ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கி, களைப்பு வந்தபின் நடக்காமல் களைப்பு வருவதற்கு முன்பே நடப்பது. ரன்-வாக் என்று குழுக்களில் வழங்கும் இம்முறையைப் பின்பற்றுபவர்களுக்கென்று தனி அணி உள்ள குழு புதியவருக்கு ஏற்றது. வேகம் சரியாக இருக்கிறதா என்று அறியக் கைக்கடிகாரமும் வேண்டாம். முழு வாக்கியம் ஒன்றை மூச்சிரைக்காமல் பேச முடிந்தால் சரியான வேகம், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். பக்கத்தில் ஓடும் ஒருவர் பேச்சுக்கொடுத்துக்கொண்டே வருவது இந்தச் சோதனையைத் தானாகவே செய்துவிடுகிறது. தனியே ஓடுவதைவிடக் குழுவாக ஓடுவதால் உடலுக்குக் கிடைக்கும் நேரடி நன்மைகளில் இதுவும் ஒன்று.

விலகிவிட வேண்டிய அறிகுறிகளும் சில உண்டு. இரண்டாம் வாரத்திலேயே அரை மாரத்தானுக்குப் பதிவு செய்யச் சொல்லி நெருக்குவது, ஓட்டம் முடிந்ததும் புரோட்டீன் பவுடரோ மூலிகைச் சத்துமாவோ விற்கும் ஆட்களை அறிமுகம் செய்வது, வலியைச் சொன்னால் மனவலிமை போதாது என்று கேலி செய்வது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. பொருள் விற்பவரிடம் வாங்காமல் தப்பிவிடலாம். கேலிக்கு அஞ்சி வலியோடு ஓடியவர் மாதக்கணக்கில் ஓட முடியாமல் போவதோடு, நின்று செய்யும் வேலையையும் இழக்க நேரிடலாம்.

உடலும் உடைமையும்

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம் உணர்பவர்களும், நாற்பதைக் கடந்து நீண்ட காலம் உடலுழைப்பு இல்லாதிருந்தவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளர் அதற்காகத் தனியாகச் செலவிட வேண்டியதில்லை. ஓடுவதற்கு முன் நடந்து பழகிக்கொள்வது பலருக்கும் நல்ல தொடக்கம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. அத்தூரத்தை நடந்து முடிக்கும் ஒருவர் எந்தக் குழுவின் பின்வரிசையிலும் தாராளமாக இடம்பிடித்துவிடுவார்.

வெயிலைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விடியற்காலை குளிர்ச்சியானது, ஆகவே தண்ணீர் தேவையில்லை என்பது அது. வெப்பநிலை குறைவாக இருக்கும் அந்நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிவதால் உடல் சூடு தணிவதில்லை. கடற்கரையிலாவது காற்று வீசும். திருவள்ளூர் போன்ற உள்நாட்டுப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் அதுவும் இராது. தனக்கு எவ்வளவு நீர் இழப்பாகிறது என்று அறிய விரும்புபவர், ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடல் எடையைப் பார்த்தால் போதும்: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதை ஒரே மூச்சில் வெறும் தண்ணீராகக் குடித்துத் தீர்ப்பதும் தவறு, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்பிட்ட மோரோ, ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த கரைசலோ சிறிது சிறிதாகக் குடிக்கலாம்; சர்க்கரை நோயாளிகள் இதில் மருத்துவர் சொன்னபடியே நடக்க வேண்டும்.

தொழிற்சாலையில் கொடுக்கும் சேஃப்டி ஷூ ஓட்டத்துக்கு உதவாது. விரலைக் காக்கும் இரும்புக் கவசம் பாதம் மடங்குவதைத் தடுக்கிறது. ஆனால் அதே தொழிற்சாலையில் கொடுக்கும் ஒளி எதிரொளிக்கும் பச்சை, ஆரஞ்சு நிற மேல்சட்டை, இருட்டில் சாலையோரம் ஓடுபவருக்குக் கடையில் எங்கு தேடினாலும் கிடைக்காத அளவுக்குப் பொருத்தமானது. ஷூவுக்கு மட்டும் பணம் ஒதுக்க வேண்டும். நிறத்தையும் பெயரையும் பார்க்காமல், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்கிறதா என்று மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அணிந்து பார்த்து வாங்க வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் அடிப்பாகத்தின் மென்மை போய்விடும்.

பெண்களின் கணக்கு தனியானது. விடுதியில் தங்கி வேலை செய்பவருக்கு விடுதிக் கதவு திறக்கும் நேரம், வீட்டில் இருப்பவருக்குச் சமையல் முடியும் நேரம், இருட்டில் நிலையத்துக்கு நடந்துபோவது என்று ஒவ்வொன்றும் தடையாக நிற்கும்போது, குழுவை நன்றாகத் தேர்வு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவது பொய்யாகும். பெண்கள் மட்டும் ஓடும் பிங்கத்தான் ஓட்டம் 2012இல் மும்பையில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவியதற்கு, தேவை எவ்வளவு ஆழமானது என்பதே காரணம். ஒரு குழுவில் பெண்கள் இருக்கிறார்களா என்பதோடு, பல மாதங்களாகத் தொடர்ந்து வருகிறார்களா என்றும், வழிநடத்துபவர்களில் பெண் உண்டா என்றும் கேட்க வேண்டும். ஸ்ட்ராவா போன்ற செயலியில் ஓட்டத்தைப் பதிவு செய்பவர், புறப்படும் இடமும் சேரும் இடமும் பிறருக்குத் தெரியாதபடி அதன் அமைப்பை மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது, தினமும் எத்தனை மணிக்கு அது திறக்கிறது என்ற இரண்டையும் முன்பின் அறியாதவருக்கு வரைபடமாகக் கொடுத்ததாகிவிடும்.

காக்களூரிலேயே தொடங்குவது

மேற்சொன்ன கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தபின், சென்னைக்குப் போவது மாதம் ஒருமுறைக்கு மேல் கட்டுப்படியாகாது என்ற முடிவுக்கே காக்களூர் வாசகர்களில் பெரும்பாலோர் வருவார்கள். அந்த மாதம் ஒருமுறை பயணத்தைக் கற்றுக்கொள்ளும் பயணமாக வைத்துக்கொண்டு, மற்ற வாரங்களில் ஊரிலேயே ஒரு குழுவை நடத்துவது இயலாத காரியமல்ல. பார்க்ரனே 13 பேரோடு தொடங்கியது; இங்கே மூன்று பேர் போதும். ஒருவர் நோயுற்றால் மீதி இருவர் ஓடலாம், ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணையிருக்க மற்றவர் வண்டி கொண்டுவரலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையும் காக்களூர் பைபாஸ் சாலையும் முதலில் நினைவுக்கு வந்தாலும், கனரக வண்டிகள் போகும் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. தொழிற்பேட்டையின் உட்சாலைகள் வார நாட்களில் லாரியும் ஃபோர்க்லிஃப்டும் நிறைந்தவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவையே அகலமான, வண்டி குறைந்த ஓடுபாதையாகிவிடுகின்றன. ஆவின் பால்பண்ணை போன்று விடுமுறை இல்லாத ஆலைகளின் வாசலை மட்டும் விலக்கி வட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம் ஒன்று அமைந்தால், மெதுவாக ஓடுபவரும் வேகமாக ஓடுபவரும் அடிக்கடி ஒருவரையொருவர் கடந்துகொண்டே இருப்பார்கள், யாரும் தனித்துவிடப்பட மாட்டார்கள். தண்ணீரையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம். தொடங்குமுன் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கத்திடமும் வாசல் காவலர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது, பிற்பாடு வரக்கூடிய சந்தேகங்களைத் தவிர்க்கும். சாலையில் ஓட நேர்ந்தால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக ஓட வேண்டும், காதில் பாட்டுக் கேட்கும் கருவி கூடாது.

ஏரிக்கரை மண்பாதை காலுக்கு மென்மையானது என்றாலும், மழைக்காலத்தில் பாம்பு நடமாட்டம் உண்டு என்பதால் வெளிச்சம் வந்தபின்பே அங்கே போக வேண்டும். தெருநாய்களைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடப்பதே சரியான வழி, ஓடுபவரைத் துரத்துவது அவற்றின் இயல்பு. கடிபட்டால் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசைதோறும் வெளியூர்க் கூட்டம் இரவிலிருந்தே வந்து குவிவதால், அந்நாளில் ஊருக்குள் போகும் பாதையை விட்டுவிட்டுத் தொழிற்பேட்டை வட்டத்துக்குள்ளேயே ஓட்டத்தை முடித்துக்கொள்ளலாம்.

யாரை அழைப்பது என்பதில்தான் ஊர்க் குழுவின் தரம் தெரியும். தொழிற்பேட்டையில் பணிபுரிபவர்களில் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியிருப்பவர்கள் கணிசமானவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் போக்கிடம் குறைவு. ஓட்டத்துக்கு மொழி பெரிதாகத் தேவைப்படாது என்பதால், அவர்களுக்கும் சொல்லியனுப்பினால் குழு ஒரே மாதத்தில் இருமடங்காகிவிடும். மேலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே குழுவில் ஓடும்போது, தொழிற்சாலைப் பேச்சை ஓட்டத்துக்குள் கொண்டுவருவதில்லை என்று முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி.

விதிகளை நீட்ட வேண்டியதில்லை. நேரம் மாறாது, மழை பெய்தாலும் யாராவது ஒருவர் வந்து நிற்பார், இடி மின்னல் இருந்தால் மட்டும் ஓட்டம் இல்லை, கடைசியில் வருபவருடன் முறைவைத்து ஒருவர் வருவார் என்ற நான்கையும் எழுதி வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் வைத்தால் போதும். புறப்படும்போது தலைகளை எண்ணி, திரும்பியதும் மறுபடி எண்ண வேண்டும். ஒவ்வொருவருடைய இரத்த வகையும் வீட்டு எண்ணும் வழிநடத்துபவரின் கைப்பேசியில் இருக்க வேண்டும். எவருக்கேனும் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்து, தொழிற்பேட்டையின் எந்த வாசல், பக்கத்தில் எந்த ஆலை என்று அடையாளம் சொல்லி, ஒருவர் அந்த வாசலிலேயே போய் நின்றுகொள்ள வேண்டும், ஏனெனில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்சாலைகளின் சில வாசல்கள் பூட்டியிருக்கக்கூடும்.